இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை: தொல்லைகளை அறிந்து சமாளிப்போம்



இந்த இதழின் மருத்துவப் பாடத்திற்கு வார்ஃபரின் என்னும் மாத்திரையை எடுத்துக்கொள்கிறோம். "இரத்தத்தை மெலிய வைக்கும் மாத்திரை" என்று ஊரில் சொல்லுவார்கள். இருதயத்தில் உலோக வால்வு பொருத்தப்பட்டவர்கள், இருதயம் தாறுமாறாகத் துடிப்பவர்கள், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி ஏற்பட்டவர்கள் ஆகியோருக்கு இது கொடுக்கப்படுகிறது. நம் நாட்டில் அசினோகுமரால் என்னும் மற்றொரு மாத்திரையும் இதே வேலைக்குத் தரப்படுகிறது. இங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், உங்கள் தெருவிலோ சபையிலோ இதைச் சாப்பிடுகிற ஒருவர் இருக்கக்கூடும். ஆகவே எல்லோரும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் வந்தது, கையில் நீலம் பாய்ந்தது என்று பயந்து, யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்திய பிறகு சில நாட்கள் ஒன்றும் தெரியாது. ஈறு சுகமாகும், நீலம் மறையும், நிறுத்தியது நல்லதே என்று தோன்றும். ஆனால் அதே நாட்களில் வால்வின் ஓரத்தில் இரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம். வால்வு அசையாமல் போனாலோ, அங்கிருந்து ஒரு கட்டி புறப்பட்டு மூளைக்குப் போனாலோ, மரணமோ பக்கவாதமோ நேரிடும்.

வேறு சிலர் இதற்கு நேர்மாறானவர்கள். மலம் கறுப்பாகப் போவதைக் கண்டும், "இந்த மாத்திரை சாப்பிட்டால் இப்படித்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். எது பொறுத்துக்கொண்டு அடுத்த முறை சொல்லக்கூடிய தொல்லை, எது உடனே ஓடிப்போய்க் காட்டவேண்டிய ஆபத்து என்று பிரித்தறிவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. இந்த மாத்திரை ஏன் தேவைப்படுகிறது?

நம் நாட்டில் இளவயதிலேயே இருதய வால்வு கெட்டுப்போவதற்கு முக்கிய காரணம் ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வருகிறது. சரியான சிகிச்சை பெறாத சில பிள்ளைகளுக்கு, இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலோடு மூட்டுகள் வீங்கி வலிக்கின்றன. மூட்டுவலி போய்விடும், வால்வில் ஏற்பட்ட காயம் தங்கிவிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல வால்வு தடித்துச் சுருங்குகிறது, அல்லது சரியாக மூடாமல் கசிகிறது. வயலில் வேலை செய்யும்போதோ, கர்ப்பமாய் இருக்கும்போதோ மூச்சுத் திணறும்போதுதான் பலருக்கு வியாதி இருப்பதே தெரியவருகிறது.

கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைக்கும் சிகிச்சை 1960ஆம் ஆண்டு ஒரு புதிய கட்டத்தை அடைந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஆல்பர்ட் ஸ்டார் என்ற அறுவை மருத்துவரும் லோவல் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து, கூண்டுக்குள் பந்து அசையும் வால்வு ஒன்றை உருவாக்கினார்கள். நம் நாட்டில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

இத்தகைய வால்வு பல பத்தாண்டுகள் உழைக்கக்கூடியது. ஆனால் அது நம் இரத்தத்திற்கு அந்நியப் பொருள். அதைத் தொட்டுச் செல்லும் இரத்தம் அங்கே உறையப் பார்க்கிறது. வால்வு உள்ளே இருக்கும் நாளெல்லாம் இந்த ஆபத்தும் இருக்கும். ஆகவே உலோக வால்வு உள்ளவர்கள் மாத்திரையை ஆயுள் முழுவதும் சாப்பிடவேண்டும். அறுவைச் சிகிச்சை முடிந்து பத்து ஆண்டுகள் ஆயிற்று, நன்றாக இருக்கிறேன் என்பது நிறுத்துவதற்குக் காரணமாகாது. நன்றாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான்.

2. மாடுகள் கற்றுக்கொடுத்த பாடம்

இம்மருந்து கண்டுபிடிக்கப்பட்ட வரலாற்றை அறிந்தால், இதன் பக்கவிளைவுகளையும் எளிதாய்ப் புரிந்துகொள்ளலாம். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் விசித்திரமாய்ச் செத்தன. கொம்பு வெட்டுதல் போன்ற சிறு காயம் பட்டாலும் இரத்தம் நில்லாமல் ஓடியது. பூஞ்சணம் பிடித்த இனிப்புக் குளோவர் என்னும் தீவனப்புல்தான் காரணம் என்று கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்டு கண்டறிந்தார். 1933இல் விஸ்கான்சின் மாநிலத்து விவசாயி ஒருவர் இறந்த பசுவையும், உறையாத இரத்தம் நிறைந்த பாத்திரத்தையும் கொட்டும் பனியில் ஏற்றிக்கொண்டு மாடிசன் நகரத்துக்கு வந்தார். அங்கே கார்ல் பால் லிங்க் என்னும் வேதியியல் பேராசிரியர் அதைப் பார்த்து ஆராய்ச்சியில் இறங்கினார். சில ஆண்டுகளில் அந்தப் புல்லிலிருந்த பொருளை அவருடைய குழுவினர் பிரித்தெடுத்தார்கள். அதன் வழிவந்ததே வார்ஃபரின்.

வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954இல் மனிதருக்கு மருந்தாக அங்கீகரிக்கப்பட்டது. மறுவருடம் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் இது கொடுக்கப்பட்டது. "எலிமருந்தைத் தருகிறார்களே" என்று சிலர் கலங்குவதுண்டு. கலங்கவேண்டியதில்லை. அளவு மீறிப்போனால் அது கொல்லும். அளவோடு இருந்தால் அதே பொருள் உயிரைக் காக்கும். இந்த மாத்திரையைப்பற்றி நாம் கற்கவேண்டியதெல்லாம் அளவைக் காத்துக்கொள்வதைப்பற்றியதே.

3. சரீரத்தில் என்ன செய்கிறது?

மாத்திரை உண்மையில் இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. காயம் பட்டால் இரத்தம் உறைவதற்குப் பல புரதங்கள் தேவை. அவற்றில் நான்கை நமது ஈரல் வைட்டமின் கே உதவியுடன் தயாரிக்கிறது. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி ஹென்ரிக் டாம் கோழிக்குஞ்சுகளின் தீவனத்தை ஆராய்ந்தபோது இந்த வைட்டமினைக் கண்டார். அதற்காக 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வார்ஃபரின் இந்த வைட்டமினைச் சரீரம் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாதபடி தடுக்கிறது. உறையவைக்கும் புரதங்கள் குறைகின்றன. இரத்தம் உறைய அதிக நேரமாகிறது.

இதிலிருந்து இரண்டு காரியங்கள் விளங்கும். முதலாவது, ஏற்கெனவே இரத்தத்தில் உள்ள புரதங்கள் தீர நாளாகும். ஆகவே இன்று மாத்திரையின் அளவை மாற்றினால், அதன் பலன் இரண்டு மூன்று நாட்களுக்குப் பின்னரே தெரியும். இன்று கூட்டி நாளை குறைத்து நாமே சரிசெய்யப் பார்ப்பது வீண். இரண்டாவது, உணவிலுள்ள வைட்டமின் கே கூடினாலும் குறைந்தாலும் மாத்திரையின் பலமும் மாறும்.

4. ஐ.என்.ஆர். என்னும் எண்

ஒருவருக்கு ஒரு மில்லிகிராம் போதும். இன்னொருவருக்கு ஏழு மில்லிகிராம் தேவைப்படலாம். ஆளைப் பார்த்து அளவைச் சொல்ல முடியாது. இரத்தப் பரிசோதனையே வழிகாட்டி. ஒரு காலத்தில் இரசாயனப் பொருள் மாறினால் பரிசோதனை முடிவும் மாறிற்று. ஒரு ஊரில் எடுத்த முடிவை மற்றோர் ஊரில் ஒப்பிட முடியவில்லை. இதைச் சரிப்படுத்த 1983இல் உலக சுகாதார நிறுவனம் ஐ.என்.ஆர். என்னும் பொது அளவுமுறையை ஏற்றுக்கொண்டது.

மாத்திரை சாப்பிடாதவருடைய எண் ஏறக்குறைய 1. இருதயத் துடிப்பு சீராய் இல்லாதவர்களுக்கும், காலில் இரத்தம் உறைந்தவர்களுக்கும் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்கவேண்டும். மைட்ரல் என்னும் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை. உங்களுக்குரிய எண் எது என்பதை மருத்துவரிடம் கேட்டு, உங்கள் சிகிச்சைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எண் குறைந்தால் கட்டி ஏற்படும் ஆபத்து. கூடினால் இரத்தம் கசியும் ஆபத்து. எண் நிலையாக இருப்பவர்கள்கூடப் பொதுவாக மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்கவேண்டும். அளவை மாற்றிய பிறகும், வேறு வியாதி வந்தபோதும், புதிய மருந்து தொடங்கியபோதும் சீக்கிரமாகவே பார்க்கவேண்டும்.

5. இரத்தக் கசிவு: சிறியதும் பெரியதும்

இம்மாத்திரையின் முக்கியப் பக்கவிளைவு இரத்தக் கசிவுதான். அதை இரண்டாகப் பிரித்து அறிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் சமாளிக்கக்கூடியவை:

பல் துலக்கும்போது ஈறில் சிறிது இரத்தம். மிருதுவான பிரஷ் உபயோகியுங்கள். வேப்பங்குச்சியும் செங்கல்பொடியும் வேண்டாம்.

மூக்கிலிருந்து இரத்தம். நேராக உட்கார்ந்து தலையை முன்பக்கமாகச் சாயுங்கள். பின்னால் சாய்ந்தால் இரத்தம் தொண்டைக்குள் இறங்கும். மூக்கின் மிருதுவான பகுதியை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, வாயால் மூச்சுவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் பிடிக்கவேண்டும். நின்றதா என்று நடுவில் எடுத்துப் பார்க்கக் கூடாது.

அரிவாள்மணையிலோ பிளேடிலோ சிறு வெட்டு. சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் அழுத்துங்கள். காப்பித்தூள், மண், சாணம் எதையும் வைக்காதீர்கள்.

இடித்த இடத்தில் சிறிய நீலத் தழும்பு. தானாய் மறையும். வேலையிடத்தில் செருப்பும், களை எடுக்கும்போதும் கதிர் அறுக்கும்போதும் கையுறையும் அணிவது நல்லது.

இவை எப்போதாவது வந்தால் பயப்படவேண்டாம், மாத்திரையையும் நிறுத்தவேண்டாம். அடிக்கடி வந்தால், இடிபடாமலே நீலம் தோன்றினால், உங்கள் எண் கூடியிருக்கலாம். ஓரிரு நாளுக்குள் பரிசோதனைக்குப் போங்கள்.

உடனே மருத்துவமனைக்குப் போகவேண்டியவை:

மலம் தார்போலக் கறுத்துப் போதல், அல்லது மலத்தில் சிவந்த இரத்தம்.

சிறுநீர் சிவப்பாகவோ கட்டங்காப்பி நிறமாகவோ போதல்.

இரத்த வாந்தி, அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி. இருமும்போது இரத்தம் வருதல்.

அழுத்திப் பிடித்தும் நில்லாத இரத்தம்.

திடீரென்று தாங்கமுடியாத தலைவலி, வாந்தி, மயக்கம், பார்வை மங்குதல்.

தலையில் அடிபடுதல். வெளியே காயம் இல்லாவிட்டாலும், அடிபட்டவர் நன்றாய்ப் பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. மண்டை ஓட்டுக்குள் மெதுவாய்க் கசியும் இரத்தம் பல மணி நேரமோ சில நாட்களோ கழித்துத்தான் தன்னைக் காட்டும்.

எண் குறைந்ததால் வரும் ஆபத்தின் அடையாளங்களையும் மறந்துவிடாதீர்கள். வாய் ஒருபக்கம் கோணுதல், ஒரு கையோ காலோ செயலிழத்தல், பேச்சு குழறுதல், திடீர் மூச்சுத்திணறல் ஆகியவை அவை. உலோக வால்வு திறந்து மூடும்போது கடிகாரம்போல் ஒரு சிறு சத்தம் கேட்கும். இரவின் அமைதியில் பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் அது கேட்பதுண்டு. அந்தச் சத்தம் மங்கினாலோ நின்றுபோனாலோ, வால்வில் இரத்தம் உறைந்திருக்கலாம். அது நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

எண் அதிகமாகக் கூடினாலும் அதைச் சரிப்படுத்த வழி உண்டு. கசிவு இல்லாவிட்டால் பெரும்பாலும் ஓரிரு வேளை மாத்திரையை நிறுத்திவைத்து மறுபடியும் பரிசோதிப்பார்கள். பெரிய கசிவு இருந்தால் வைட்டமின் கே மருந்தும், உறையவைக்கும் புரதங்கள் அடங்கிய பிளாஸ்மாவும் கொடுப்பார்கள். இவை மருத்துவமனையில்தான் கொடுக்கப்படவேண்டும். உலோக வால்வு உள்ளவர்களுக்கு வைட்டமின் கே அதிகமாய்ப் போனால் வால்வில் கட்டி ஏற்படக்கூடும்.

6. அபூர்வமான மற்ற தொல்லைகள்

சிலருக்கு முடி உதிரும். சிலருக்கு வயிற்றுப் புரட்டல் அல்லது தோலில் தடிப்பு வரும். இவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள். மாத்திரை தொடங்கிய முதல் சில நாட்களில் தொடை, மார்பு, வயிறு போன்ற இடங்களில் தோல் வலியுடன் சிவந்து பின் கறுத்துப்போவது மிக அபூர்வம். ஆனால் அது ஆபத்தானது. கால்விரல்கள் ஊதாநிறமாகி வலிப்பதும் அபூர்வமே. இவ்விரண்டையும் உடனே காட்டவேண்டும்.

7. உணவும் உபவாசமும்

"கீரையே தொடக் கூடாது" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இது சரியல்ல. முருங்கைக்கீரை, அரைக்கீரை, பசலைக்கீரை, கொத்தமல்லித் தழை, முட்டைக்கோஸ் ஆகியவற்றில் வைட்டமின் கே அதிகம்; ஆயினும் அவை சத்துள்ள உணவு. வாரத்தில் இரண்டு நாள் கீரை சாப்பிடுகிற பழக்கம் இருந்தால், எப்போதும் ஏறக்குறைய அப்படியே சாப்பிடுங்கள். உங்கள் மாத்திரையின் அளவு அந்த உணவுக்கு ஏற்றபடி அமைந்துவிடும். கேடு உண்டாக்குவது திடீர் மாற்றமே. மழைக்குப்பின் கீரை மலிந்ததென்று தினமும் சாப்பிட்டால் எண் இறங்கும். கீரையை அறவே விட்டால் எண் ஏறும்.

உபவாச நாட்களைப்பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. லெந்து காலத்திலோ உபவாச ஜெபக்கூட்டங்களிலோ பல நாள் உணவைக் குறைத்தால், வைட்டமின் கே குறைந்து எண் ஏறிவிடும். வாந்திபேதி, காய்ச்சல் ஆகியவற்றால் சாப்பிடாமல் கிடக்கும்போதும் இப்படியே ஆகும். ஆகவே உபவாசிக்க விரும்புகிறவர்கள் முன்னதாகவே மருத்துவரிடம் பேசவேண்டும். போதகர்களும் மூப்பர்களும் இத்தகையோரை உபவாசிக்க வற்புறுத்தாதிருப்பது நலம். பண்டிகை நாட்களில் மதுவும் ஆபத்து. அது எண்ணையும் மாற்றும், ஈரலையும் கெடுக்கும், கீழே விழவும் வைக்கும்.

8. மற்ற மருந்துகள்

இம்மாத்திரையைப்போல் மற்ற மருந்துகளோடு மோதும் மருந்துகள் சிலவே. பெட்டிக்கடையிலோ மருந்துக்கடையிலோ கேட்டு வாங்கும் வலி மாத்திரை பெரிய ஆபத்தாய் முடியலாம்.

டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வயிற்றில் புண் உண்டாக்கி இரத்தக் கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினும் அப்படியே, ஆனால் அதை இருதய மருத்துவரே எழுதிக்கொடுத்திருந்தால் நீங்களாக நிறுத்தக் கூடாது. சாதாரண காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் அளவோடு ஓரிரு நாள் சாப்பிடலாம். அதிக அளவில் பல நாட்கள் சாப்பிட்டால் அதுவும் எண்ணை ஏற்றும்.

மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃபுளூக்கனசோல், அமியோடரோன் ஆகியவை எண்ணை ஏற்றும். காசநோய்க்குரிய ரிஃபாம்பிசினும், வலிப்புக்குரிய கார்பமசெபினும் எண்ணை இறக்கும். இவற்றை ஒருபோதும் சாப்பிடக் கூடாது என்பதல்ல. தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஐ.என்.ஆர். பார்த்து அளவைத் திருத்தவேண்டும் என்பதே கருத்து. நாட்டு மருந்தோ லேகியமோ சாப்பிடுவதாயிருந்தால் அதையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சதையில் போடும் ஊசியால் உள்ளே இரத்தம் கட்டக்கூடும். ஆகவே காய்ச்சலுக்கு ஊசி போடுங்கள் என்று கேட்கவேண்டாம். ஆனால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாதபடி மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது. ஊசி போடும் செவிலியரிடம் வார்ஃபரின் சாப்பிடுவதைச் சொல்லி, போட்ட இடத்தைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். பல் பிடுங்கவேண்டியிருந்தாலும் இப்படியே: பல் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு கம்பெனியின் மாத்திரை கிடைக்காவிட்டால் கடைக்காரர் வேறொன்றைக் கொடுக்கலாம். நிறத்தைப் பார்த்து ஏமாறாமல், பெயரையும் மில்லிகிராமையும் வாசித்துப் பாருங்கள். வார்ஃபரினுக்குப் பதில் அசினோகுமரால் அதே மில்லிகிராமில் சாப்பிடக் கூடாது. இரண்டின் பலமும் வேறு.

9. பெண்களுக்கு

மாதவிடாய் அதிகமாய்ப் போவது இம்மாத்திரை சாப்பிடும் பெண்களுக்குச் சாதாரணமாய் வருகிற தொல்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் இரத்தச்சோகை உண்டாகி இருதயத்தின் பாரம் கூடும். பெரும்பாட்டுக்கு மருத்துவம் உண்டு, செவிலியரிடமாவது சொல்லுங்கள்.

கர்ப்பத்தைக் குறித்து இன்னும் அதிக கவனம் வேண்டும். கர்ப்பத்தின் 6ஆம் வாரத்திலிருந்து 12ஆம் வாரம் வரை வார்ஃபரின் குழந்தையின் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடும். பிரசவ சமயத்தில் குழந்தைக்கு இரத்தக் கசிவு ஏற்படுத்தக்கூடும். இதைக் கேள்விப்பட்ட தாய் தானாகவே மாத்திரையை நிறுத்தினால், கர்ப்ப காலத்தில் இரத்தம் எளிதாய் உறையும் தன்மையும் சேர்ந்து, வால்வு அடைத்துத் தாயே இறக்க நேரிடலாம். வால்வு மாற்றிய பெண் கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே கணவரோடு வந்து மருத்துவரிடம் ஆலோசிப்பது மிகவும் அவசியம். மாதவிடாய் ஒரு வாரம் தள்ளிப்போனாலும் உடனே வரவேண்டும். எந்த மாதத்தில் மாத்திரை, எந்த மாதத்தில் ஹெப்பாரின் ஊசி என்று மருத்துவர்கள் திட்டமிடுவார்கள். குழந்தை பிறந்த பின் வார்ஃபரின் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுக்கலாம்.

10. புதிய மாத்திரைகளைப்பற்றி

ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லாத புதிய மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று சிலர் கேட்கிறார்கள். டாபிகட்ரான், ரிவரோக்சபான், அபிக்சபான் முதலியவை 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் புழக்கத்துக்கு வந்தன. பலருக்கு அவை நல்லவையே. ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்கு அவை ஏற்றவை அல்ல. அவர்களுக்கு டாபிகட்ரான் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியில் கட்டியும் கசிவும் அதிகமானதால் அது பாதியில் நிறுத்தப்பட்டு, முடிவுகள் 2013இல் வெளியாயின. ருமாட்டிக் வால்வு நோயோடு இருதயத் துடிப்பும் சீராய் இல்லாத 4,500க்கு மேற்பட்டவர்களிடம் ரிவரோக்சபான் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. வார்ஃபரின் வகை மாத்திரை சாப்பிட்டவர்களிடையே மரணம் குறைவாயிருந்தது என்று 2022இல் அறிவித்தார்கள். ஆகவே நம் ஏழை நோயாளிகளுக்குப் பழைய மருந்தைக் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று எண்ணவேண்டாம். அவர்களுக்கு இதுவே சிறந்த மருந்து.

11. குடும்பமும் சபையும் செய்யக்கூடியவை

மாத்திரையைத் தினமும் ஒரே நேரத்தில், முக்கியமாக மாலையில், சாப்பிடுவது நல்லது. பகலில் பரிசோதனை செய்தால் அன்றிரவே அளவை மாற்ற முடியும். விழுங்கியவுடன் நாட்காட்டித் தாளில் ஒரு கோடு போடுங்கள். சாப்பிட்டேனா இல்லையா என்ற சந்தேகம் வராது. ஒரு வேளை மறந்து, அதே நாளில் நினைவு வந்தால் சாப்பிடலாம். மறுநாள் நினைவு வந்தால் அதை விட்டுவிட்டு வழக்கமான அளவை மட்டும் சாப்பிடுங்கள். இரண்டு வேளை மாத்திரையைச் சேர்த்து விழுங்கவேண்டாம். சிகிச்சைப் புத்தகத்தில் அதைக் குறித்து வையுங்கள். என்ன வால்வு, என்ன மாத்திரை என்று எழுதிய அட்டையை எப்போதும் பையில் வைத்திருங்கள். விபத்து நேர்ந்தால் அந்த அட்டையே உங்களுக்காகப் பேசும்.

வாசிக்கத் தெரியாத முதியவருக்கு அரை மாத்திரை ஒருநாள், முழு மாத்திரை மறுநாள் என்பது குழப்பமாயிருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏழு சிறு டப்பாக்களில் ஏழு நாளைக்கும் பிரித்து வைத்தால் அது பெரிய உதவி. கூலிவேலை செய்பவருக்கு மாதாமாதம் ஒருநாள் கூலியும் பேருந்துச் செலவும் பாரம்தான். பரிசோதனை தவறிப்போவதற்கு அசட்டை மட்டுமல்ல, கையில் பணமில்லாமையும் காரணம். யார் யாருக்கு எந்தத் தேதியில் பரிசோதனை என்று சபையில் ஒருவர் குறித்து வைத்து, அந்த வாரத்தில் விசாரித்தால் போதும்.

ஜெபித்து சுகம் கிடைத்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று சொல்லுகிறவர்களிடம் அன்போடு விளக்குங்கள். ஜெபமும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. உள்ளே இருக்கும் வால்வு உலோகம். அது இருக்கும்வரை அதைக் காக்கும் மாத்திரையும் வேண்டும். நிறுத்தும்படி யோசனை சொல்லுகிறவர் அதன் விளைவைச் சுமக்கப்போவதில்லை; சாப்பிடுகிறவரும் அவருடைய பிள்ளைகளுமே சுமப்பார்கள்.

கூட்டங்களில் கலந்து பேசுவதற்கு:

அ. ஈறில் இரத்தம் வந்ததால் மாத்திரையை நிறுத்திய ஒரு சகோதரிக்கு நீங்கள் என்ன சொல்லுவீர்கள்?

ஆ. தலையில் அடிபட்டும் நன்றாயிருக்கிறேன் என்று சொல்லும் நோயாளியை ஏன் உடனே அழைத்துச் செல்லவேண்டும்?

இ. கீரையை ஏன் அறவே நிறுத்தக் கூடாது?

ஈ. உங்கள் சபையில் இம்மாத்திரை சாப்பிடுகிறவர் யார்? அவருடைய அடுத்த பரிசோதனை என்றைக்கு?

கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், இந்த வாரமே அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து வாருங்கள்.